வருகைப் பதிவேட்டில் என் பெயர்

அப்பா,

இன்று காலை விளாங்குடி நிறுத்தத்தில் நின்றிருந்தபோது பக்கத்துச் சலூனிலிருந்து சவர சோப்பின் வாசனை வந்தது. வாசனைக்கு நான் சட்டென்று திரும்பிவிடுவேன். ஒரு நொடி நீங்கள் உள்ளே இருப்பதாகவே நினைத்தேன். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. சுதாரித்துப் பார்த்தபோது பேருந்து போய்விட்டிருந்தது.

நான்கு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து எனக்குக் காது கேட்காமல் போனது. அதற்கு முன்பு உங்கள் குரலைக் கேட்டிருப்பேன். எவ்வளவு யோசித்தும் ஞாபகத்தில் இல்லை. கப்பலூர் லேத் பட்டறையிலிருந்து எண்ணெய்க் கறையோடு வீடு திரும்பும் உங்கள் பெரிய மீசைதான் ஞாபகம் இருக்கிறது. காதுகேளாதோர் பள்ளியில் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளப் பழக்கிய சிஸ்டர், ஒரு நாள் உங்களைக் கூப்பிட்டு, இந்த மீசைக்குப் பின்னாலிருந்து பேசினால் பிள்ளை எதைப் பார்த்துப் படிக்கும் என்று கேட்டாராம். அந்த ஞாயிற்றுக்கிழமையே மழித்துக்கொண்டு வந்து நின்றீர்கள். அம்மா பதறிப்போனாள். நம் பக்கத்தில் வீட்டில் சாவு விழுந்தால்தானே ஆண்கள் மீசை எடுப்பார்கள்.

உங்கள் சொந்த ஊருக்குப் போனபோது பெரியப்பா ஓடிவந்து, யார் தவறிப்போனது என்று விசாரித்தார். "யாரும் சாகலண்ணே. எம் மககூடப் பேசணும்" என்றீர்கள். மாமா விடவில்லை. "பொண்டாட்டிக்குப் பயந்தவன பாத்திருக்கேன் மாப்ள. மகளுக்காக மீசைய எடுத்தவன இப்பத்தான் பாக்குறேன்." இதை நீங்களே எனக்கு ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக் காட்டிச் சிரித்தீர்கள். உங்கள் உதடு எனக்குத் திறந்தது அப்போதுதான்.

உங்கள் சாவுக்கு அண்ணன் மீசை எடுத்தான். அந்தச் சில வாரங்கள் அவன் பேசியதெல்லாம் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. சிறு வயதில் நாம் மூவரும் ஆற்றில் குளித்ததைப் பற்றி ஒரு நாள் நெடுநேரம் பேசினான். பிறகு மீசை வளர்ந்துவிட்டது. எடுத்துவிடு என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. அவனுக்கும் தோன்றவில்லை.

காதுகேளாதோர் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. மேலே படிக்க வெளியூர் விடுதிக்குப் போக வேண்டும். நீங்கள் சம்மதிக்காமல், வீட்டுக்குப் பக்கத்திலிருந்த பெண்கள் பள்ளிக்கு என்னைக் கூட்டிப்போனீர்கள். தலைமையாசிரியை இரக்கமுள்ளவர்தான். பாவம், வந்து வகுப்பில் உட்காரட்டும், ஆனால் பதிவேட்டில் பெயர் ஏற்ற முடியாது என்றார். பெயர் ஏறாவிட்டால் நாளைக்கு அரசுத் தேர்வு எழுத முடியாது. அங்கே படித்தேன் என்று சொல்ல ஒரு சான்றிதழும் கிடைக்காது. வேறு வழியில்லாமல் என்னை உட்கார வைத்துவிட்டு வந்தீர்கள்.

தினமும் காலையில் டீச்சர் பெயர் கூப்பிடுவார். ஒவ்வொருத்தியாக எழுந்து உட்காருவாள். அது ஒரு அலை மாதிரி பெஞ்சு பெஞ்சாக நகர்ந்து என் வரிசைக்கு வரும். எனக்கு இந்தப் பக்கம் இருப்பவள் எழுவாள், அடுத்து அந்தப் பக்கம் இருப்பவள் எழுவாள். நான் புத்தகத்தைத் திறந்து குனிந்துகொள்வேன். இத்தனை புத்தகங்கள் படித்திருக்கிறாயே என்று இப்போது கேட்பவர்களுக்கு நான் சொல்லாத காரணம் இதுதான்.

நீங்கள் விடுமுறை நாளை மாற்றி வாங்கிக்கொண்டு கல்வி அலுவலகத்துக்குப் போனீர்கள். இப்படிப்பட்ட பிள்ளையைச் சேர்க்க விதி இல்லை என்றார்கள். சேர்க்கக் கூடாது என்று விதி இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருந்தால் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொன்னீர்கள். யாரும் எழுதவில்லை. மறுபடி போனீர்கள், மறுபடியும். சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே திரும்பி வந்த நாட்கள் உண்டு. கடைசியில் ஓர் அதிகாரி, தடை ஒன்றும் இல்லை, தலைமையாசிரியை விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். அவர் விரும்ப வேண்டுமே.

தலைமையாசிரியை அறையில் உங்கள் பக்கத்தில் நின்றேன். அவருக்குப் பின்னால் ஜன்னல் இருந்ததால் முகம் இருட்டாக இருந்தது. அவர் சொன்னது எதுவும் எனக்குத் தெரியவில்லை. உங்கள் உதடு மட்டும் தெரிந்தது. காது கேட்காத பெண்ணின் பெயரைக் கூப்பிட்டு என்ன ஆகப் போகிறது என்று அவர் கேட்டாராம். அதை நீங்கள் திரும்பி வரும் வழியில்தான் சொன்னீர்கள். உங்கள் பதிலை மட்டும் நான் அப்போதே பார்த்தேன்.

"மத்த புள்ளைக கேக்கட்டும் டீச்சர். இவளும் இந்த வகுப்புத்தான்னு அதுகளுக்குத் தெரியணும்ல."

அவர் பதிவேட்டை இழுத்து முன்னால் வைத்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

மறுநாள் அலை வந்தது. பக்கத்தில் இருந்தவள் என் முழங்கையில் கிள்ளினாள். எழுந்தேன். என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், "இந்தா இருக்கேன் டீச்சர்" என்றேன். வகுப்பே சிரித்தது, டீச்சரும்தான். என் உச்சரிப்பைக் கேட்டுத்தான் சிரிக்கிறார்கள் என்று உட்கார்ந்துவிட்டேன். இடைவேளையில் கிள்ளியவள் எனக்கு நேராக வந்து நின்று, நான் பட்டிக்காட்டுப் பெரிய ஆம்பிளை மாதிரிப் பேசுவதாக நிதானமாகச் சொன்னாள்.

இப்போது கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். நல்ல மனிதர்கள். நான் வேண்டுமென்றால் மேசையைத் தட்டுவார்கள், இல்லையென்றால் துண்டுத்தாளில் எழுதி நீட்டுவார்கள். மதியம் சேர்ந்து சாப்பிடும்போது எல்லோரும் ஒருவருக்கொருவர் திரும்பித் திரும்பிப் பேசுவதால் எந்த முகமும் எனக்கு முழுதாகக் கிடைப்பதில்லை. அவர்கள் சிரிக்கும்போது நானும் சிரித்துவைக்கிறேன்.

போன வாரம் மகளைச் சேர்க்க வந்த ஓர் அம்மாள் வழி தெரியாமல் நூலகத்துக்குள் வந்துவிட்டாள். அலுவலகம் எங்கே என்று சொன்னேன். அவள் நகராமல் என் முகத்தையே பார்த்தாள். "நீ எந்த ஊரு தாயி? எங்க பக்கத்துப் பேச்சால்ல இருக்கு."

நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் விளாங்குடி என்று அவளிடம் சொல்லவில்லை. என் எழுத்தில் இருக்கும் தமிழ் புத்தகங்களில் எடுத்தது. என் வாயில் இருப்பது உங்கள் உதட்டிலிருந்து எடுத்தது. அதை நான் ஒரு நாளும் கேட்கப் போவதில்லை, அவளுக்குக் கேட்டது. அலுவலகத்தைக் காட்டுகிறேன் என்று கூடவே கிளம்பி, அந்த நீண்ட வராந்தாவில் சொல்வதற்கு ஒன்றும் இல்லாதபோதும் பேசிக்கொண்டே நடந்தேன்.