துணையாள் தேவை என்று ஒரு வரி

நவம்பர் 4, செவ்வாய்

பண்ணைக்காட்டில் மழை விட்டபாடில்லை. வெள்ளனே எழுந்து இவருக்கு ஷேவிங், குளியல். இஸ்திரி போட்ட சட்டை. இன்று கீழே மெடிக்கல் போர்டு. பட்டாளத்தில், எல்லையில் முதுகெலும்பு போனதிலிருந்து இவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. தூக்குவது, புரட்டுவது எல்லாம் நான்தான். இப்போது என் முதுகில் டிஸ்க் நகர்ந்துவிட்டது. இனித் தூக்கினால் நானும் படுக்கைதானாம். பென்ஷனோடு துணையாள் படி கிடைத்தால் ஓர் ஆள் வைக்கலாம்.

எடுக்க: டிஸ்சார்ஜ் புக், ஜெராக்ஸ் 3 செட், டயபர், வாந்திக்கு எலுமிச்சம்பழம்.

அதே நாள், மாலை

பாழாய்ப்போன பட்டாளத்துப் பழக்கம்! போர்டில் பெரிய டாக்டர் யூனிஃபார்மில் இருந்தார். பார்த்ததும் இவர் வீல் சேரிலேயே விறைத்து ஒரு சல்யூட்.

"எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் சார்!"

"உங்க வேலைய நீங்களே பாத்துக்கிருவீங்களா?"

"பாத்துக்கிருவேன் சார்!"

துணையாள் தேவையில்லை என்று எழுதிவிட்டார். என்னைப் பேசவே விடவில்லை. வத்தலக்குண்டு தாண்டித்தான் ஜீப்பில் வாயைத் திறந்தேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள்?

"ஆபீசர் கேட்டா முடியலைன்னா சொல்லுவாக?" என்கிறார்.

மாப்பிள்ளை மாதிரி ஜோடித்துக் கூட்டிப்போன என்னைச் சொல்ல வேண்டும்.

நவம்பர் 12, புதன்

பக்கத்து வீட்டு மேரி அக்காவை இவருக்குக் காவல் வைத்துவிட்டு முன்னாள் படைவீரர் ஆபீஸ் போனேன். கிளார்க் ரிப்போர்ட்டைக் காட்டினார். "தானே பாத்துக்கிருவார்னு இருக்கேம்மா. அப்படியே இருந்தாலும் நீங்க சம்சாரம்தானே, பாக்க வேண்டியதுதானே?"

பதினோரு வருஷமாக வேறென்ன செய்கிறேனாம்! அப்பீல் எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்கே வந்து பார்ப்பார்களாம். பஸ்ஸில் நின்றே வந்தேன். இடுப்பு விண்விண்.

நவம்பர் 26, புதன்

நாளை வருகிறார்கள். "உள்ளத மட்டும் சொல்லுங்க, போதும்" என்று கெஞ்சினேன். நான்கு நாளாக ஷேவ் செய்துவிடவில்லை, வேண்டுமென்றேதான். தாடையைத் தடவித் தடவிப் பார்க்கிறார். பாவமாக இருந்தது. ஆனாலும் ரேசரை எடுக்கவில்லை.

நவம்பர் 27, வியாழன்

பதினொரு மணிக்கு ஒரு டாக்டரம்மா, ஓர் ஆபீசர். அதே கேள்விகள். இவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"முடியாது சார். வெளிக்கிப் போனாக்கூட எனக்குத் தெரியாது. அவதான் கழுவி விடுறா."

டாக்டரம்மா எழுதினார்: துணையாள் தேவை. கையெழுத்து, சீல். கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷம் வரவில்லை.

அவர்கள் போனதும், சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் படுக்கவைக்கச் சொன்னார். வைத்தேன்.