ஜமுக்காளத்துக்குள் நீ படித்தது

இன்று காலை ஜமுக்காளத்தை வெயிலில் போடலாம் என்று மொட்டைமாடிக்கு எடுத்துப் போனேன். உதறியதும் உன் தைல வாசனை வந்தது. அப்படியே சுருட்டி மறுபடி அறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். வெயில் பட்டால் அதுவும் போய்விடும்.

நீ போய் ஆறு மாதமாகிறது. உனக்கு எழுத உட்காருவது இதுதான் முதல் முறை. நம் படத்திலிருந்து உன் குரலை நீக்கியது நான்தான். அதை உன்னிடம் சொல்லாமல் இனிமேல் என்னால் இருக்க முடியாது.

சிம்மக்கல்லில் அந்த மாடி அறையை நாம் பிடித்தபோது நமக்கு என்ன தெரியும்? எந்தப் பொத்தானை அமுக்கினால் டேப் ஓடும் என்று தெரியும். கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஒரு கடையில் மூன்று மாதம் உட்கார்ந்து, வெட்டவும் ஒட்டவும் பார்த்து வைத்திருந்தோம். அவ்வளவுதான். பசுமலை தாண்டி இருந்த அந்த ரப்பர் கம்பெனி, தன் ஆண்டு விழாவில் போட ஒரு படம் கேட்டது. அதுதான் நமக்கு வந்த முதல் கம்பெனி வேலை. முந்தின நாள் போய், "நாளைக்கு வீடியோ எடுக்க வாரோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தோம். மறுநாள் போனால், மிஷின் வரிசை முழுவதும் பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை. வீடியோ என்றால் அவர்களுக்குக் கல்யாணம்தானே. சேலையில் கரி ஒட்டிவிடும் என்று ஒருத்தரும் மிஷினைத் தொடவில்லை. நான் அழாத குறை. நீ காமிராவைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, பொண்ணு மாப்ள யாருன்னு மட்டும் காட்டுங்க. மொதல்ல அவுகள எடுத்துருவோம்" என்றாய்.

"மாப்ள அந்தா நிக்கிதுல்ல, எண்ணெ ஒழுகிக்கிட்டு" என்று வரிசையில் மூத்தவரான ஒரு அக்கா, ரப்பரை அழுத்தும் பழைய பிரஸ் மிஷின் ஒன்றைக் காட்டினார். அத்தனை பேரும் சிரித்தார்கள். நீ அந்தச் சிரிப்பைத்தான் முதலில் எடுத்தாய்.

படத்தில் பேசுவது நீ என்று ஆரம்பத்திலேயே முடிவாகிவிட்டது. நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள். நீ டிக்கெட் கேட்டால் பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். "மண்டபத்துல எல்லாரும் ஏங்குரலக் கேப்பாக. ஏம்மூஞ்சியப் பாத்துப் பயந்துக்கிற வேணாம் பாரு, அது ஒரு நிம்மதி" என்று சொல்லிச் சிரித்தாய். சிரித்தாலும் அந்தக் குரலில் உனக்கு எவ்வளவு பெருமை என்று எனக்குத் தெரியும். கம்பெனிப் பெண்கள் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாய்.

நமக்கு ஸ்டூடியோ கிடையாது. சன்னலுக்குக் கீழே டவுன் பஸ்ஸும் ஆட்டோவும் ஓயாமல் ஹாரன் அடிக்கும். அதனால் மேஜையையும் உன்னையும் சேர்த்து ஜமுக்காளத்தால் மூடினோம். மைக்குக்குப் பழைய சாக்ஸ் ஒன்றை மாட்டினோம். சத்தம் வரும் என்று ஃபேனை நிறுத்தினோம். சித்திரை மாதத்து வெயில். உள்ளே நீ டார்ச் அடித்துப் படித்தாய். வெளியே நான் காதில் ஹெட்போனும் கையில் கடிகாரமுமாக உட்கார்ந்திருந்தேன்.

படத்தை முதலில் வெட்டிவிட்டு அதற்குள் குரலை அடைக்க வேண்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஏழு செகண்டு படத்துக்கு நீ பத்து செகண்டு எடுத்தாய். ஒரு வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினாய்.

"வேகமாப் படிடி."

"படிக்கிறேன்ல."

"இன்னொரு டேக்."

எத்தனை முறை சொன்னேன் என்று அந்த டேப்பைக் கேட்டு எண்ணலாம். எண்ணவில்லை. கடைசியில் எனக்குச் சலித்துப்போய், "போ, ஒனக்காக மிஷின இன்னும் மூணு செகண்டு ஓட விடுறேன்" என்றேன். "ஓடட்டும்டி, கரண்டு பில்லு ஒனக்கா வருது?" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. அப்படித்தான் பதினொரு நிமிடப் படம் முழுவதையும் உன் மூச்சுக்கு ஏற்ற மாதிரி இழுத்து இழுத்து முடித்தேன். அதைச் செய்யும்போது எனக்குக் கோபம்தான் இருந்தது.

மூன்று வாரத்தில் நீ இல்லை.

"சின்ன வயசுலருந்தே ஹார்ட்டு வால்வுல கோளாறுங்க. ஒங்களுக்குத் தெரியாதா?" என்று உன் அண்ணன் கேட்டார். தெரியாது என்றேன். அது உண்மைதான். ஆனால் நம் அறைக்கு இருபத்திரண்டு படி. பாதியில் நின்று தெருவை வேடிக்கை பார்ப்பாய். "சளிடி" என்பாய். தைலம் தடவிக்கொள்வாய். நான் மேலே நின்று, "அங்க என்ன சினிமாவா ஓடுது?" என்று கத்துவேன்.

விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது கம்பெனி மேலாளர் போன் செய்தார். "மேடம், ஒரே ஒரு வரிதான். நான்கு பிரிவுகள்னு வருதுல்ல, இப்ப ஐந்து ஆயிருச்சு. அந்தப் பொண்ண வச்சு அத மட்டும் மாத்திக் குடுத்துருங்க."

சரி சார் என்றேன். நீ இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டு நாள் உன் எல்லா டேக்கையும் கேட்டேன். ஐந்து என்ற சொல் நாம் எழுதியதில் எங்கேயும் இல்லை. கடைசியில் மைக் சோதித்த இடத்தில் ஒன்று கிடைத்தது. ஒண்ணு ரெண்டு என்று எண்ணிக்கொண்டே போய் அஞ்சில் சிரித்துவிட்டாய். அந்தச் சிரிப்பைச் சுரண்டிச் சுரண்டி நீக்கி, அஞ்சை மட்டும் வாக்கியத்துக்குள் வைத்து ஒட்டி அனுப்பினேன்.

"என்ன மேடம், அந்த எடத்துல மட்டும் யாரோ சிரிக்கிற மாதிரி இருக்கு?"

அப்போதுதான் சொன்னேன். அவர் தணிந்த குரலில், "அடடா. நல்லாப் பேசுமே அந்தப் புள்ள" என்றார். "ஒரு வரிக்கு மட்டும் வேற குரல்னா ஒட்டுப்போட்டாப்ல இருக்கும்மா. வேற ஆள வச்சு முழுசா மாத்திருங்க."

ஒரே ஒரு நாள் கொடுங்கள் என்று கெஞ்சினேன். அந்த ஒரு வரியை உன்னைப் போலவே நான் பேசிவிட்டால் மீதிப் பதினொரு நிமிடமும் உன்னுடையதாக இருக்கும் என்று நம்பினேன். கதவைச் சாத்தினேன். ஃபேனை நிறுத்தினேன். ஜமுக்காளத்துக்குள் போனேன்.

அதற்கு முன்னால் அதற்குள் நான் போனதே இல்லை.

இரண்டு நிமிடம் இருந்திருப்பேன். காகிதத்தில் வியர்வை சொட்டியது. நான் விட்ட மூச்சே திரும்ப என் முகத்தில் சுட்டது. வாயைத் திறந்தால் உள்ளே போகக் காற்று இல்லை. எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு வெளியே வந்து சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ காலை பத்தரைக்கு உள்ளே போனாய். மத்தியானம் இரண்டு மணிக்கு வெளியே வந்தாய். நடுவில் தண்ணீர் குடிக்க இரண்டு முறை எழுந்திருப்பாய். நான் இதே சன்னல் காற்றில் உட்கார்ந்து கடிகாரம் பார்த்தேன். ஏன்டி சொல்லவில்லை? ஒரு வார்த்தை. "முடியலடி" என்று ஒரு வார்த்தை.

அன்றைக்கு அப்படி உட்கார வைத்ததால்தானா என்று உன் அண்ணனிடம் கேட்கலாம். இரண்டு முறை ஆற்றைத் தாண்டி உன் தெருமுனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். அதனால் இல்லை என்று அவர் சொன்னாலும் நான் நம்பப் போவதில்லை.

அன்று மறுபடி உள்ளே போய் அந்த வரியைப் பேசிப் பார்த்தபோது என் குரல் நடுங்கியது. அது உதவவில்லை. விழா மேடைகளில் பேசிப் பழகிய ஒருவர் வந்து பதினொரு நிமிடத்தையும் ஒரே மூச்சில் படித்துவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார். நான் உன் குரலை வரி வரியாக எடுத்தேன். எடுத்த ஒவ்வொரு வரியையும் ஒருமுறை கேட்டுவிட்டு அழித்தேன். மூலம் டேப்பில் பத்திரமாக இருக்கிறது. இருந்தாலும் விரல் ஓடவில்லை.

அவர் வேகமாகப் படித்திருந்தார். ஒவ்வொரு வரி முடிந்த பிறகும் படம் மிச்சம் இருந்தது. மூன்று செகண்டு, நான்கு செகண்டு. அவற்றை நறுக்கி இறுக்குவதுதான் முறை. நான் நறுக்கவில்லை. அந்த இடங்களில் பிரஸ் மிஷின் சத்தத்தை மட்டும் விட்டேன்.

விழாவில் பின்வரிசையில் நின்றேன். அந்தச் சத்தம் வந்தபோதெல்லாம் பெண்கள், "நம்ம மிசினு, நம்ம மிசினு" என்று கூவினார்கள். நீ மூச்சு வாங்கும் இடம் அது என்று அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

படம் முடிந்ததும், அன்றைக்கு மாப்பிள்ளையைக் காட்டிய அக்கா என்னிடம் வந்தார். "ஏந்தாயி, அந்தப் புள்ள எங்க? நாந்தேன் பேசப்போறேன், காதத் தீட்டிவச்சுக் கேளுங்கன்னு அம்புட்டுப் பீத்துச்சு. இதுல ஆம்பளயில்ல பேசுறான்?"

"ஊருக்குப் போயிருக்காக்கா" என்றேன்.

இப்போது வேறொரு கம்பெனிக்குப் படம் செய்கிறேன். இப்போதெல்லாம் குரலைத்தான் முதலில் எடுக்கிறேன். மெத்தையைச் சன்னலில் சாய்த்துவைத்தாலே ஹாரன் பாதி அடங்கிவிடுகிறது. அன்றைக்கு நமக்கு அது தோன்றவில்லை. போன வாரம் படிக்க வந்தவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. பாதி வரியில் மூச்சு முட்டி நிறுத்திவிட்டார். "ஸாரிம்மா, கெடுத்துட்டேன்" என்றார்.

"பரவாயில்லக்கா. மெதுவாப் படிங்க. படத்த நீட்டிக்கிறேன்."

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது, மெதுவா என்ற அந்த வார்த்தை. உன்னிடம் நான் அதை ஒருமுறைகூடச் சொல்லவில்லை.