பச்சையாகவே எரிந்த விளக்கு

9 செப்டம்பர் 2025, செவ்வாய்

எம். புதுப்பட்டி யூனிட்டுக்குப் போய் வந்தேன். தீபாவளிக்கு ஆறு வாரம்தான். பட்டாசுக் கம்பெனியில் யாருக்கும் நின்று பேச நேரமில்லை. எனக்கு மட்டும் இருக்கிறதாக்கும்! நாலு யூனிட்டுக்கும் நெட்வொர்க் பார்க்க ஒரே ஆள், இந்தத் தஸ்லிமா.

மின்னல் சங்கைச் சோதித்தேன். சிவகாசி ஆபீஸில் மின்னல் வருவதைத் திரையில் பார்த்துப் பட்டனை அழுத்தினால், யூனிட்டில் சங்கு ஊதும், ஆட்கள் அறையை விட்டு வெளியேற வேண்டும். அதற்கு இரண்டு லைன். ஒன்று கம்பத்து ஆன்டெனா, அது போனால் சிம் லைன். லைனுக்கு ஒன்றாக, அதை உள்ளே கொண்டுவர ஒரு ஃபயர்வால் பெட்டி. முதல் பெட்டியை அப்படியே அணைத்துப் பார்த்தேன். மூன்று நொடியில் சிம் லைனுக்கு மாறிச் சங்கு ஊதியது. 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கிளம்பும்போது வாட்ச்மேன் சீனிச்சாமி அண்ணன் கேட்டார்: "மேகம் கருத்தா கம்பத்து வயரத்தான புடுங்கணும் தாயி?"

"ஆமாண்ணே, மொதல்ல அதைத்தான்."

மே மாதம் இடி இறங்கி ஒரு பெட்டி கருகிப் போனதிலிருந்து இது நான் போட்ட உத்தரவு.

13 செப்டம்பர், சனி

வெயில். தலைவலி. எழுத ஒன்றுமில்லை.

16 செப்டம்பர், செவ்வாய்

யா அல்லாஹ்.

மதியம் 2.40க்கு எம். புதுப்பட்டியில் மின்னல் இறங்கிவிட்டது. மருந்து காயவைக்கும் மேடையில். மேடையில் தட்டுகளை அள்ளிக்கொண்டிருந்தது மாடத்தி அக்கா, சீனிச்சாமி அண்ணனின் மனைவி. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். மற்றவர்கள் தப்பித்தார்கள்.

ஆபீஸில் 2.22க்கே பட்டனை அழுத்தியிருக்கிறார்கள். சங்கு ஊதவில்லை.

ஏன் ஊதவில்லை? போன வாரம்தானே ஊதியது?

17 செப்டம்பர், புதன்

பெட்டியில் நிமிஷ வாரியாகப் பதிவாகியிருக்கும் லாக் எடுத்துப் பார்த்தேன். பார்த்திருக்கவே கூடாது.

2.15க்கு, தூரத்தில் உறுமல் கேட்டதும், சீனிச்சாமி அண்ணன் கம்பத்து வயரைப் பிடுங்கியிருக்கிறார். நான் சொன்னபடி. பெட்டியின் வெளிப்பக்கம் செத்துவிட்டது. ஆனால் பெட்டிக்கு மின்சாரம் இருக்கிறதே, உள்பக்கத்து விளக்கு பச்சையாகவே எரிந்திருக்கிறது. எந்த லைனில் போவது என்று முடிவு செய்யும் உள் சுவிட்சுக்கு அந்தப் பச்சை மட்டும்தான் தெரியும். லைன் நன்றாக இருக்கிறது என்று நம்பி, செத்த பாதையையே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. சிம் லைன் பக்கத்திலேயே சும்மா கிடந்தது.

வெளிப்பக்கம் விழுந்தால் உள்பக்கத்தையும் சேர்த்து இறக்கிவிடு என்று, வயர் சொருகும் இரண்டு போர்ட்டையும் இணைத்து வைக்க ஒரு அமைப்பு இருக்கிறது. நான் அதைப் போடவில்லை. பெட்டி முழுசாக அணைவதை மட்டும் சோதித்தேன். வயரைப் பிடுங்கச் சொன்ன நானே வயரைப் பிடுங்கிச் சோதிக்கவில்லை! கூறு கெட்டவளே. எட்டு வருஷ அனுபவமாம், சர்டிபிகேட்டாம்.

18 செப்டம்பர், வியாழன்

சங்கு இல்லாத காலத்தில் இடி கேட்டால் ஆட்கள் தாங்களாகவே ஓடிவிடுவார்கள். சங்கு மாட்டிய பிறகு, அது ஊதாமல் எழுந்தால் சூப்பர்வைசர் ஏசுவார். மாடத்தி அக்காவோடு வேலை செய்கிற முத்துமாரி ஆஸ்பத்திரி வாசலில் சொன்னாள்: "சங்கு ஊதட்டும்னுதாங்க்கா இருந்தோம். எப்பவும் ஊதிரும்ல."

என்னை நம்பி உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

19 செப்டம்பர், வெள்ளி

மாடத்தி அக்கா போய்விட்டார். காலை ஏழரைக்கு.

20 செப்டம்பர், சனி

சீனிச்சாமி அண்ணனை நேற்று சுடுகாட்டிலிருந்தே போலீஸ் கூட்டிப்போய்விட்டது. கேட்டதற்கெல்லாம் அவர் ஒரே பதில்தான் சொன்னாராம். "நாந்தான் புடுங்குனேன். எம் பொண்டாட்டிய நாந்தான் கொன்னேன்."

மேனேஜர் விக்னேஷ்வரன் என்னிடம் ரிப்போர்ட் கேட்கிறார். வாட்ச்மேன் வயரைப் பிடுங்கியதால் சங்கு வேலை செய்யவில்லை. அந்த ஒரு வரி போதுமாம். பொய்யும் இல்லை.

"மத்த மூணு யூனிட்லயும் இதே கோளாறு இருக்கு சார், இன்னிக்கே மாத்திடுறேன்" என்றேன்.

"கேஸ் முடியிற வரைக்கும் ஒரு பெட்டியவும் தொடாதீங்க. இப்ப போயி மாத்துனா நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகிரும்."

வீட்டில் ஹாமித் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார், சாப்பிடவில்லை. "ரெண்டு புள்ளைக இருக்கு தஸ்லி. நல்லா யோசிச்சுக்க" என்றார். என் புருஷன் சொல்வதில் தப்பில்லை. ஆனால் அங்கே ஒரு மனுஷன் தன்னையே கொலைகாரன் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே, நான் என்ன செய்ய?

22 செப்டம்பர், திங்கள்

அச்சங்குளம், வெம்பக்கோட்டை, சாத்தூர் ரோடு. மூன்று யூனிட்டுக்கும் ஸ்கூட்டியில் போய் போர்ட்டுகளை இணைத்தேன். ஒவ்வொரு இடத்திலும் கம்பத்து வயரை என் கையாலேயே பிடுங்கினேன். உள்விளக்கும் அணைந்தது. சங்கு ஊதியது. அச்சங்குளத்தில் அந்தச் சத்தம் கேட்டதும் வயரை மாட்டி, இன்னொரு தடவை பிடுங்கிப் பார்த்தேன்.

பெட்டி ஒன்றுக்கு இரண்டு நிமிஷம் ஆனது.

அப்படியே ஸ்டேஷனுக்குப் போய், பிடுங்கச் சொன்னது நான், அமைப்பைப் போடாததும் நான் என்று எழுதிக் கொடுத்தேன். லாக்கையும் கொடுத்தேன். சாயங்காலம் வேலை போய்விட்டது.

24 செப்டம்பர், புதன்

அண்ணனை விட்டுவிட்டார்கள். கேஸில் என் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள்.

28 செப்டம்பர், ஞாயிறு

அவர் வீட்டுக்குப் போனேன். "வாங்க தாயி, சாப்பிட்டீகளா?" என்றார். அந்த நிலையிலும் கேட்டார். தாங்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உங்கள் மேல் தப்பே இல்லை என்று எத்தனை தடவை சொன்னேனோ.

குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு: "அப்ப நீங்க அதப் போட்டிருந்தா, நான் புடுங்குனதுக்குப் பெறகும் சங்கு ஊதியிருக்குமா?"

"ஊதியிருக்கும்ணே."

"அதப் போட எம்புட்டு நேரமாகும்?"

பொய் சொல்லியிருக்கலாமோ?

"ரெண்டு நிமிசம்ணே."

திட்டவில்லை. அழவில்லை. "நல்லவுகதான் நீங்க. இனிமே இங்கன வராதீக தாயி" என்றார்.

3 அக்டோபர், வெள்ளி

நேற்று அச்சங்குளத்தில் பெரிய இடி மழையாம். வாட்ச்மேன் வயரைப் பிடுங்கினாராம், சங்கு ஊதியதாம், நூற்றுப்பத்துப் பேரும் வெளியே வந்துவிட்டார்களாம். மழை நின்றதும் திரும்பிப் போய் வேலை பார்த்திருக்கிறார்கள். முத்துமாரி இப்போது அங்கேதான் போகிறாள், அவள்தான் போன் பண்ணிச் சொன்னாள்.

நாளை மாடத்தி அக்காவுக்குப் பதினாறாம் நாள். நான் போகவில்லை.