உம்ம ஊமை லேப்டாப்பு பேசிட்டு வே

என்ன வே, சொகமா இருக்கீரா? அங்கன நல்ல டீ கெடைக்குதா? எனக்கு எழுத வராதுன்னு உமக்குத் தெரியும். போன்ல வாயால சொல்லுதேன், அது எழுதிக்கிடுது.

காலைல உம்ம வீட்டுக்குப் பால் ஊத்த வந்தேன். உள்ள பிள்ளைங்க ஓதுத சத்தம். எல்லாம் துபாய்ல, கத்தார்ல இருக்க கடையநல்லூர்ப் பிள்ளைங்க. உம்ம வீட்டுக்காரி, நம்ம தங்கச்சி, இந்தச் சங்கரன்கோயில்ல உக்காந்து அலிஃப், பேன்னு அரபி எழுத்துச் சொல்லிக்குடுக்கா. எதுல? அந்த ஊமை லேப்டாப்புல! மேலெல்லாம் சிலுத்துட்டு வே.

புதுசா வாங்கி நீரு லினக்ஸைப் போட்டீரே, படம் வந்துச்சு, நெட்டு வந்துச்சு, மைக்கும் ஸ்பீக்கரும் மட்டும் செத்துக் கெடந்துச்சு. "பிள்ளைங்க ஓதிக்குடுக்க வேற உஸ்தாபியத் தேடிப் போயிரும், வேற சிஸ்டத்தப் போட்டுத் தொலைங்க"ன்னு தங்கச்சி கத்துனா. நீரு அசையலையே. "சாமான் புதுசு. லினக்ஸுக்கு இதோட பாஷை இன்னும் பிடிபடல. அதச் செய்தவங்களுக்கு எழுதிப் போட்டிருக்கேன்"னீரு.

வாசுதேவநல்லூர்ல நான் ஒரு எருமை பிடிச்சேன்லா, ஒத்தக் கொம்பு தரையப் பாக்கும், அது தனிக் கதை. அத எனக்கு வித்தவ மாதிரி நாக்கச் சுழட்டிக் கூப்பிட்டாத்தான் பால் சொரக்கும். "அந்த எருமை கதைதானா வே?"ன்னு கேட்டேன். "அதேதான் வே"ன்னு சிரிச்சீரு.

எந்த நாட்டுக்காரனோ "இதப் போட்டுப் பாரும்"னு அனுப்புவான். நீரு போட்டுப் பாத்து "இல்ல"ன்னு எழுதுவீரு. அவன் மறுபடி அனுப்புவான். துட்டும் கேக்கல, மொகமும் தெரியாது. "அவனுக்கு எதுக்கு வே இந்தப் பாடு?"ன்னேன். "இந்த மாடல் வச்சிருக்க எல்லாத்துக்கும் சத்தம் கேக்கும்லா"ன்னீரு.

அதுக்குள்ள நீரு கண்ண மூடி மவுத்தாயிட்டீரு. தங்கச்சி போன்லயே பாடத்த ஓட்டுனா. பாதிப் பிள்ளைங்க நின்னுட்டு. லேப்டாப்ப வித்துருவோம்னு தொடச்சும் வச்சுட்டா. நேத்து கடைசியாத் தொறந்தவ, அப்டேட்னு வந்திருக்கேன்னு அமுக்கிருக்கா. சத்தம் வந்துட்டு!

உம்ம மெயில்ல, திருத்தம் அனுப்பிட்டிருந்த அந்த மனுசன் எழுதிருக்கானாம். கொறையச் சொன்னவரு பேர அந்தத் திருத்தத்தோடயே எழுதி வைக்கது அவுக வழக்கமாம். உம்ம பேரு அதுல இருக்காம் வே. உலகம் பூரா போகுமாம். தங்கச்சி வாசிச்சுக் காட்டுனா. எழுத்துத் தெரியாட்டாலும் வெரல வச்சுத் தடவிப் பாத்தேன்.

"அவுக இல்லன்னு இவருக்கு எழுதவா அண்ணாச்சி?"ன்னு கேட்டா.

"மொதல்ல சத்தம் நல்லாக் கேக்குதுன்னு எழுதும்மா. அதத்தான் அவுக எழுதணும்னு கெடந்தாக"ன்னேன்.

இப்பம் உம்ம வாசப்படிலதான் இருக்கேன். பிள்ளைங்க ஓதுதது தெரு வரைக்கும் கேக்கு. இதே லேப்டாப்ப எவன் எந்தச் சீமைல வாங்குனாலும், தொறந்த ஒடனே சத்தம் வரும், அவனுக்கு உம்ம யாருன்னே தெரியாது, ஆனா எனக்கு...

இரும், தங்கச்சி கூப்பிடுதா, மெயில அனுப்பப் போறாளாம், நானும் பக்கத்துல நிக்கணும்னு