தெற்குக் கோடியின் முதல் கம்பு

இதனால் இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரையுள்ள சகல ஜனங்களுக்கும், மேலுலகத்தில் வாசம் செய்யும் என் நைனாவுக்கும் அறிவிப்பது யாதெனில்: இன்று காலை நம் வீட்டு வெள்ளாடு, தன் வீடு என்று எண்ணி, அடுத்த வரிசையில் உள்ள ஒரு வீட்டுக்குள் பிரவேசித்து, சட்டியில் இருந்த பழைய சோற்றைப் பூரணமாக அருந்தி, அங்கிருந்த பாயிலேயே படுத்துக்கொண்டது. விசாரணையில் ஆட்டின் மேல் குற்றமில்லை என்று தீர்ப்பாயிற்று. தீர்ப்புச் சொன்ன கனம் நீதிபதி நான்தான்.

ஆட்டை இழுத்துவரப் போனேன் நைனா. உள்ளே போய் நின்றதும் எனக்கே ஒரு கணம் திகைப்பாக இருந்தது. அதே சுண்ணாம்பு வாடை. அதே கரிப்புகை படிந்த மூலை. எட்டாத உயரத்தில் அதே ஒற்றை ஜன்னல். நம் வீட்டில் நீ கடைசியாகப் படுத்திருந்த இடத்தில் இங்கே யாரோ ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஆட்டின் கொம்பைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். வீட்டுக்காரம்மா சோற்றுச் சட்டிக்காக என் பரம்பரையையே திட்டினாள். நான் பதில் பேசாமல் வந்த விஷயம் இந்நேரம் இராயபுரம் முழுக்கப் பரவியிருக்கும்.

இதற்குப் பெயர் லைன் வீடு. வரிசை வீடு என்றும் சொல்கிறார்கள். வரி வாங்குவதற்கு வசதியாகக் கட்டியதால் வரிசை என்று நான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். நாலு பேர் சிரிக்கிறார்கள். நீ இருந்தால் சிரிக்க மாட்டாய். வரிசை என்ற சொல்லை வைத்து யாரும் விளையாடுவது உனக்குப் பிடிக்காது.

நாம் முன்பு இருந்த மீன்பிடிக் குப்பத்தில் வரிசை என்றால் வேறு. கடலைப் பார்த்து ஒரே நீளத்துக்கு வீடுகள். ஒவ்வொரு வீட்டு வாசலிலிருந்தும் அலை தொடும் இடம் வரைக்கும் நீளமாக ஒரு மணல்பட்டை, அந்த வீட்டுக்கே சொந்தம். வாசலை ஒட்டி மீன் காயும், அதற்கு அப்பால் வலை காயும், அதற்கும் அப்பால் கட்டுமரம் கிடக்கும். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே தலையைத் தூக்கினால் மரமும் தெரியும், அதற்கு அந்தப் பக்கம் கடல் என்ன நினைப்பில் இருக்கிறது என்பதும் தெரியும். அடுத்த வீட்டு மணலின் குறுக்கே முன்பக்கமாக யாரும் நடப்பதில்லை. பின்பக்கம் சுற்றித்தான் போவோம். நான் மட்டும் குறுக்கே ஓடுவேன், நீ துடுப்போடு துரத்துவாய்.

தெற்கே துறைமுகத்துக்குக் கல்லைக் கொட்டிய பிறகு மணலெல்லாம் அங்கேயே தங்கிவிட்டது. கடல் நம் பக்கம் வந்து கரையைத் தின்ன ஆரம்பித்தது. அலை வாசலுக்கு வந்தால் வீட்டைப் பிரித்துப் பின்னால் தள்ளிக் கட்டுவோம். அப்போதும் ஒரு முறை உண்டு. தெற்குக் கோடி வீட்டுக்காரர் முதல் கம்பை நட வேண்டும். அந்தக் கம்பிலிருந்து துடுப்பால் அளந்து அடுத்த வீட்டுக்காரர் நடுவார். அவர் கம்பிலிருந்து அதற்கடுத்தவர். பக்கத்து வீட்டார் நட்டு முடிக்கும்வரை தன் இடம் எங்கே தொடங்குகிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால் யாரும் முந்தியதில்லை, யாரும் சண்டை போட்டதுமில்லை. விடியலில் மரம் தள்ளுவதற்கும் இதே முறைதான்.

"வூடு போனா போவட்டும்டா, வரிசை போவக் கூடாது" என்பாய்.

அந்த வெள்ளைக்காரப் பாதிரி வந்தது அப்படி நாம் ஒரு தடவை பின்னால் தள்ளிக் கட்டியிருந்த சமயம். மீன் இல்லாத நாளில் நீ துறைமுகப் படகுக்குத் துடுப்புப் போடப் போவாயே, அப்படி ஒரு நாள் கப்பலிலிருந்து அவரைக் கரைக்குக் கொண்டுவந்தபோது அவருடைய பெட்டி நனைந்துவிட்டது. ஐதராபாத் பக்கம் ஊழியத்துக்குப் போகிறவர். ரயிலுக்கு நேரம் இருந்ததால் பெட்டியை நம் மணலில் திறந்து காயவைத்தோம். மனிதர் தெலுங்கு நன்றாகப் பேசினார். உனக்குத் தெலுங்கு தெரியும். எனக்கு அதில் கெட்ட வார்த்தை மட்டும் தெரியும், அதனால் நான் வாயைத் திறக்கக் கூடாது என்று நீ முதலிலேயே சொல்லிவிட்டாய்.

வீடுகளையும் மணலையும் அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏன் இப்படி என்று கேட்டார், நீ சொன்னாய். அவர் ஈரத் துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு படத்தை எடுத்து உன் கையில் கொடுத்தார். நீளமான ஒரே தெரு. இருபக்கமும் வீடுகள், முன்னால் வேலி போட்ட தோட்டம். வீட்டை ஒட்டியே மாட்டுத் தொழுவம், இரண்டுக்கும் ஒரே கூரை. பனிக்காலத்தில் வாசலைத் தாண்டாமல் அடுப்படியிலிருந்து நேராகப் போய்ப் பால் கறக்கலாமாம். ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் நாடா போல நீளமாக நிலம். அவர் தாத்தா பிறந்த ஊர், ரஷ்யாவில்.

நீ படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். பிறகு என்னைக் கூப்பிட்டாய். "டேய், இத்தப் பாரு. நம்ம குப்பம் மாதிரியே கீது. கடலு இருக்க வேண்டிய எடத்துல நெலம் கீது, அவ்ளோதான்."

அவருடைய கிறிஸ்தவக் கூட்டத்துக்குப் பெயர் மென்னோனைட் என்று நீ சொன்னாய். எதை மென்றார்கள் நைனா என்று கேட்டேன். தலையில் ஒன்று வைத்தாய். மாட்டுக்கும் மாமியாருக்கும் ஒரே கூரை என்றால் யார் யாரை முட்டுவார்கள் என்று கேட்டேன். அதற்கு நீயே சிரித்துவிட்டாய். சிரித்துக்கொண்டே அதை அவருக்குத் தெலுங்கில் சொன்னாய், அவரும் சிரித்தார். அந்த மத்தியானம் முழுக்க நீ இரண்டு மொழியில் சந்தோஷமாக இருந்தாய்.

யுத்தத்துக்கு ஆள் கொடுக்க மாட்டோம் என்று சொல்லிச் சொல்லி அவர்கள் நாடு நாடாக மாறியவர்களாம். சதுப்பு நிலத்துக்குப் போனாலும், புல்வெளிக்குப் போனாலும், இறங்கிய இடத்தில் அதே தெருவை, அதே அண்டை வீட்டாரோடு மறுபடியும் போட்டுக்கொள்வார்களாம். அவர் அப்பா காலத்தில் ஒரு கூட்டம் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போயிற்று. அங்கேயும் தெருவைப் போட்டார்கள். ஆனால் அந்த நாட்டில் நிலத்தையெல்லாம் சதுரம் சதுரமாக அளந்து வைத்திருந்தார்கள். அவனவன் பெயருக்கு ஒரு சதுரம். கொஞ்ச காலம் தெருவில் இருந்து பார்த்துவிட்டு, ஒவ்வொரு குடும்பமாக வீட்டைப் பெயர்த்துக்கொண்டு தன் சதுரத்தின் நடுவே போய் உட்கார்ந்துவிட்டதாம். இப்போது பக்கத்து வீட்டு விளக்கு தெரிய வேண்டுமென்றால் வானம் தெளிவாக இருக்க வேண்டும் என்றார்.

அந்தப் பாதியை எனக்கு மொழிபெயர்க்கும்போதே உன் குரல் இறங்கிவிட்டது. பிறகு யாரிடம் அந்தக் கதையைச் சொன்னாலும் ரஷ்யாவோடு நிறுத்திக்கொண்டாய்.

குப்பத்தையே எடுத்துவிட்டு வேறு இடத்தில் வீடு தரப்போகிறோம் என்று சர்க்கார் ஆபீஸிலிருந்து ஆள் வந்தபோது நீ கலங்காதது பாதிரி உன்னிடமே விட்டுப்போன அந்தப் படத்தால்தான். அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சர்வேயரைப் பார்க்கப் போனாய். நானும் கூட வந்தேன். இதே மாதிரி கடலைப் பார்த்து ஒரே வரிசையாகப் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டாய். இது எந்த ஊர் என்றார். ரஷ்யா என்றாய். ரஷ்யா என்ற சொல் காதில் விழுந்ததும், நாம் ஏதோ புரட்சி பண்ண வந்தவர்கள் போல, மனிதர் நாற்காலியை ஒரு சாண் பின்னுக்கு நகர்த்தினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதை நடித்துக் காட்டி உன்னைச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். நீ சிரிக்கவில்லை.

கடைசியில் அவர்கள் போட்டது முதுகோடு முதுகு ஒட்டிய லைன்கள். கிழக்கோரம் ஒரே ஒரு வரிசை மட்டும் கடலைப் பார்த்து, முன்னால் மணலோடு. அந்த வரிசை நமக்குப் போதும், எல்லாக் குடும்பமும் அதில் அடங்கிவிடும் என்று நீ நடந்து பார்த்துவிட்டு வந்து சொன்னாய். ஆனால் கரி மூட்டை ஏற்றி இறக்கும் கரித்தொட்டிப் பக்கத்துக் கூலி ஜனங்களையும் அதே நாளில் அங்கே வரச்சொல்லியிருந்தார்கள். வீட்டுக்கு ஒரு முளை அடித்தாயிற்று, சீட்டி ஊதியதும் அவரவர் போய் நில்லுங்கள், யார் எங்கே நிற்கிறாரோ அது அவருக்கு என்றார்கள்.

சீட்டி ஊதினார்கள். கரித்தொட்டி ஜனங்கள் ஓடினார்கள். எதற்கும் ஓடினால்தான் கிடைக்கும் என்று வாழ்ந்தவர்கள், அவர்களை நான் குறை சொல்ல முடியாது. நம் ஜனம் ஓடவில்லை. தெற்குக் கோடி வீட்டு சவரியம்மா முட்டி வீங்கிய காலோடு கோலை ஊன்றி ஊன்றிக் கிளம்பினாள். முதல் முளையில் அவள் போய் நிற்க வேண்டும், பிறகுதானே அடுத்த வீடு. முழுக் குப்பமும் அவள் பின்னால் ஊர்வலம் மாதிரி நடந்தது. அவள் திரும்பித் திரும்பி, "போங்கடா, எனக்கோசரம் நிக்காதீங்க, ஓடுங்கடா" என்று கத்தினாள். யாரும் அவளைத் தாண்டவில்லை. "ஓடு நைனா" என்று நான் உன் வேட்டியைப் பிடித்து இழுத்தேன்.

"எங்கடா ஓடறது? அவ நின்னாத்தான நம்ம எடம் எதுன்னே தெரியும்."

அவள் போய்ச் சேர்ந்தபோது முதல் முளையில் ஒருவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தான். நம் ஜனத்துக்குப் பின்னால் இருந்த லைன்களில் அங்கொன்று இங்கொன்றாகக் கொடுத்தார்கள். நமக்குக் கிடைத்த வீட்டு வாசலில் நின்றால் எதிர் லைனின் சுவர் தெரியும். கடல் தெரியாது. அதன் சத்தம்கூட ரயில் இல்லாத நேரத்தில்தான் கேட்கும்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன், சொல்வதற்கு எனக்கு வேறு ஆள் இல்லை. நம் மரத்தை வேறு யாருடைய மணலிலோ விட்டுவைக்க வேண்டியதாயிற்று. ஐப்பசியில் ஒரு காலை போய்ப் பார்த்தால் மரம் இல்லை. பழைய வாசலாக இருந்தால் அலை ஏறும்போதே எழுந்து இழுத்துப் போட்டிருப்பாய். நீ கரி மூட்டை தூக்கப் போனாய். நம்மை முந்தி ஓடியவர்களோடு சேர்ந்தே தூக்கினாய், அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கசப்பாகச் சொன்னதில்லை. பிறகு இருமல். நீ இருமிய சத்தம் கேட்டு வர நம் ஜனம் பக்கத்து வீட்டில் இல்லை. காசிமேட்டுக் கல்லறைக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்று சவரியம்மாவுக்கு விஷயமே சாயங்காலம்தான் தெரிந்தது. இரண்டு லைன் தள்ளி இருக்கிறாள்.

நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பாய். ஊரைக் கேட்டால் பிரமாதம் என்பார்கள். வரி வாங்க வருகிறவன் வரும் நாளில் கதவு நம்பர்களையெல்லாம் கரியால் மாற்றி எழுதி அவனை மூன்று சுற்று சுற்றவிட்டேன். நம் ஜனம் தோற்றதே நின்றதால்தான், நானாக இருந்தால் ஓடியிருப்பேன், இந்த இராயபுரத்தில் என் காலுக்கு ஈடான கால் கிடையாது என்று கேட்கிறவர், கேட்காதவர் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். நைனா ரொம்ப நல்லவர், அதனால்தான் செத்தார் என்றுகூடச் சொன்னேன். அம்மா அதைக் கேட்டுவிட்டு அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

போன மாதம் கடலோர வரிசையில் சில வீடுகள் காலியாயின. காற்று தாங்காமல் ஊர்ப் பக்கம் போய்விட்டார்கள். மறுபடி அதே சீட்டி, அதே விதி. ஒரு மணல்பட்டை கிடைத்தால் அம்மாவின் அண்ணன் பழைய மரம் ஒன்று தருவதாகச் சொல்லியிருக்கிறார், நான் கடலுக்குப் போகலாம், கரித்தொட்டிக்குப் போக வேண்டாம். அம்மாவுக்கு இருந்த பயமெல்லாம் அதுதான், உன் மார் இழுத்த சத்தத்தை என்னிடமும் கேட்கப்போகிறோம் என்று. நான் ஒரு வாரமாக விடியலில் மணலில் ஓடிப் பழகினேன். பையன்கள் பந்தயம் கட்டினார்கள். எல்லோரும் என் மேல்தான் கட்டினார்கள்.

அன்றைக்கு வெளியூர் ஜனமும் நிறைய. நம் ஆட்களில் பாதிப் பேர் வரவேயில்லை. ஆனால் சவரியம்மா வந்திருந்தாள், இப்போது இரண்டு கோல். சீட்டி ஊதினார்கள். அம்மா என் முதுகில் கை வைத்துத் தள்ளி, "ஓட்றா கண்ணு" என்றாள்.

நான் ஓடவில்லை என்பது ஊருக்கே தெரியும். காலில் சிப்பி ஓடு ஆழமாகக் குத்திவிட்டது, இல்லாவிட்டால் எவனும் என்னைப் பிடித்திருக்க முடியாது என்று சொல்லியிருக்கிறேன். நம்பினார்கள். இன்றுவரை நொண்டிக்கொண்டுதான் நடக்கிறேன். ஆட்டை இழுத்துவந்ததும் நொண்டியபடிதான். திங்கட்கிழமை கரித்தொட்டியில் வேலைக்குச் சேர வேண்டும். அதற்குள் கால் ஆற வேண்டுமே என்று அம்மா தினமும் மஞ்சள் போட்டு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாள், வலிக்கிறதா, வலிக்கிறதா என்று கேட்டபடி.

சவரியம்மா இரண்டு கோலையும் ஊன்றி முதல் அடி வைத்ததைப் பார்த்தேன் நைனா. அவ்வளவுதான். காலில் ஒன்றும் குத்தவில்லை.