முதுகிலிருந்து இறங்கிய குட்டிகள்

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் மருமகள் வணக்கத்துடன் எழுதுவது. இரத்த அழுத்த மாத்திரையை விடாமல் போடுகிறீர்களா? உங்களிடம் விட்டுவந்த என் பாப்பாவுக்குச் சளி குறைந்ததா? நான் நலம். எந்தத் தேளும் என்னைக் கொட்டவில்லை. நீண்ட இடுக்கி இல்லாமல் பெட்டிக்குள் கை விடுவதே இல்லை.

எங்கள் ஆய்வகத்துச் சிவப்புத் தேள் குட்டி போட்டது. தாயே தின்றுவிடும் என்று பயந்து, பிறந்ததுமே குட்டிகளைப் பிரித்துவிடுவது இங்கே வழக்கம். ஒன்றுகூடப் பிழைத்ததில்லை.

"முதல் தோல் உரியிற வரைக்கும் அதுங்க அம்மா முதுகுலதான் இருக்கணும். நாம தொந்தரவு பண்ணினாத்தான் தாய் திங்கும்" என்று அடம்பிடித்தேன்.

"சரிம்மா, ஏதாவது ஆச்சுன்னா உன் தலையிலதான் விடியும்" என்றார் தலைமை ஆய்வாளர்.

ஈர மணலும் ஒளிந்துகொள்ள ஓட்டுத்துண்டும் வைத்து, பெட்டியைக் கறுப்புத் துணியால் மூடி, ஒருவரையும் கிட்டே விடவில்லை.

இன்று காலை, அரிசி போல் வெளுத்திருந்த குட்டிகள் தோலுரித்து, நிறம் ஏறி, குட்டிக் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு தாமாகவே கீழே இறங்கின. "இனிமே இங்க இந்தம்மா சொல்றதுதான் முறை" என்று தலைமை ஆய்வாளர் எல்லோர் முன்னாலும் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை, அத்தை!

பாப்பாவின் பாத அளவை நூலில் எடுத்து அனுப்புங்கள். செருப்பு வாங்க வேண்டும். என்ன அளவென்று எனக்குத் தெரியவில்லை. அவள் உப்புமூட்டை கேட்டால், பெரிய பெண்ணாகிவிட்டாய் என்று இறக்கிவிடாதீர்கள். இன்னும் கொஞ்ச நாள் சுமந்துகொள்ளுங்கள்.

குட்டிகளுக்குத் தீனி வைக்கக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் மருமகள்