பின்னால் மாட்டிய இரண்டு டயர்

மல்லாங்கிணறு,
ஆவணி 9.

அன்பு மகள் வேல்விழிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை பாலகுருவும் பேத்தி ஓவியாவும் புனேயில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று எழுந்ததும் முதல் வேலையாக வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் சுகம் என்று ஒரே வரியில் எழுதிவிடத்தான் ஆசை, ஆனால் முக்கால் சுகம் என்று வைத்துக்கொள், மீதிக் காலைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தினமும் வீடியோவில் பேசுகிற மனுஷன் எதற்கு ஸ்பீடு போஸ்டில் கடிதம் போடுகிறார் என்று பயந்துவிடாதே, எல்லாரும் உயிரோடுதான் இருக்கிறோம். போனில் உன் முகம் தெரிகிறது, பக்கத்தில் மாப்பிள்ளை தெரிகிறார், நடுவில் ஓவியா வந்து போனை நக்குகிறாள், அந்த நேரத்தில் எனக்கு நல்ல சேதி மட்டும்தான் வாயில் வருகிறது. மூன்று நாளாகச் சொல்ல வந்து, மூன்று நாளும் சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

ஊரில் இன்னும் மழை இல்லை. மக்காச்சோளம் போடுவதற்கு நிலத்தை உழுதுபோட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், போன வருஷம் பன்றி தின்றது போக எனக்கு மிஞ்சியது கொஞ்சம் காசும் நிறையக் கடனும்தான் என்றாலும் உழாமல் இருக்க மனசு கேட்கவில்லை. மிளகாய் மண்டி வேலையை விட்டு வந்து இரண்டு வருஷம் ஆகியும் வத்தல் நெடி நெஞ்சை விட்டுப் போகவில்லை, விடியற்காலையில் இருமல் வந்தால் அரை மணி நேரம் ஆகிறது. உன் அம்மா சுக்கு தட்டிப் போட்டுத் தருகிறாள், குடிக்கிறேன். தம்பி விக்னேஷ்குமார் சிவகாசி பிரிண்டிங் கம்பெனியில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது, சம்பளம் அவன் ரூம் வாடகைக்கும் ஓட்டல் சாப்பாட்டுக்குமே இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்று இருக்கிறது, அவனைக் குறை சொல்லவில்லை, அந்த வயதில் நானும் அப்படித்தான் இருந்தேன். ஓவியாவின் காதுகுத்துக்குத் தாய்மாமன் அவன்தானே, அவன் மடியில்தானே பிள்ளை உட்கார வேண்டும், அவன் கையால்தானே கம்மல் வர வேண்டும். அந்தக் கம்மலில்தான் எல்லாம் கோணலாகிப் போனது.

ஆனி மாதம் வீடியோவில் காரைச் சுற்றிக் காட்டச் சொன்னாய், நினைவிருக்கும். பதினாறு வயது ஆல்டோவுக்கு நாலு டயரும் மொட்டை, ஒன்றில் கம்பி எட்டிப் பார்த்தது. இதில்தான் நாங்கள் ஏர்போர்ட்டிலிருந்து வரணுமா அப்பா என்று கத்திவிட்டு மறுநாளே நாலு புது டயருக்கு உண்டான பணத்தை அனுப்பிவிட்டாய். அன்றைக்கு நான் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கட்டிக்கொடுத்த மகளின் காசில் காருக்கு டயர் மாட்டுவது எனக்கு நெஞ்சில் முள்ளாகத்தான் இருந்தது. நீ மகனாகப் பிறந்திருந்தால் அப்படித் தோன்றியிருக்காது என்று நீ சண்டைக்கு வருவாய், வா, நியாயந்தான்.

விருதுநகரில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல கம்பெனி டயர் ஒரு விலை, பேர் தெரியாத கம்பெனி ஒரு விலை, பழைய டயருக்கு மேலே புது ரப்பர் ஒட்டியது ஒரு விலை என்று மூன்றையும் எடுத்துப் போட்டார். அண்ணாச்சி, ஒட்டுப் போட்டது காருக்கு வேண்டாம், லாரிக்குத்தான் அது சரிப்படும், இந்த வெயிலுக்குக் காரிலே உரிஞ்சுக்கிட்டு வந்திரும் என்று அவரே சொன்னார். நானும் யோசித்து நல்ல கம்பெனியிலேயே இரண்டு மட்டும் வாங்கினேன். இரண்டுதான்னா பின்னாடி மாட்டுங்க, பின்னாடிதான் வழுக்கும் என்றும் அவர் சொன்னார். ஸ்டியரிங் முன்னாடிதானே இருக்கு, எனக்குத் தெரியாததா, முன்னாடி மாட்டுங்க என்று நான் சொன்னேன். அதற்குள்ளே இன்னொரு கணக்கும் இருந்தது வேல்விழி, எழுதக் கூச்சமாக இருக்கிறது. காரை முன்னால் நின்று படம் எடுத்தால் புது டயர்தான் தெரியும். அந்தப் படத்தைத்தான் உனக்கு அனுப்பினேன். சூப்பர்ப்பா, நாலும் புதுசா என்று நீ கேட்டாய். ஆமாம்மா என்றேன்.

பின்னால் இரண்டுக்கும் பைபாஸ் ஓரத்துத் தகரக் கொட்டகைக்குப் போனேன், ஓடிக் கழற்றிய டயரை விற்கிற இடம். அங்கே நான் செய்த கூத்தைக் கேட்டால் நீ தலையில் அடித்துக்கொள்வாய். நாற்பது வருஷம் மண்டியில் சரக்கு பார்த்த கை அல்லவா, வத்தலைப் பார்ப்பது மாதிரியே டயரைப் பார்த்தேன். தட்டிப் பார்த்தேன், கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தேன், பள்ளத்தில் நகத்தை விட்டு ஆழம் பார்த்தேன், மோந்துகூடப் பார்த்தேன். இரண்டு டயர் கன்னங்கரேல் என்று, பள்ளமெல்லாம் ஆழமாக, சின்னச் சின்ன ரப்பர் முடிகூட உதிராமல் இருந்தது. அண்ணாச்சி கண்ணுக்கு அம்புட்டும் தெரியுது என்று கொட்டகைக்காரன் ஒரு வார்த்தை போட்டான் பார், அதில் மயங்கிவிட்டேன். குளிர்பதனக் கிடங்கில் கிடந்த பழைய வத்தலை எண்ணெய் கொண்டு துடைத்துப் புதுச் சரக்கு என்று விற்பவனை எத்தனை பேரை மூட்டையோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன், அந்த மினுக்கலைத் தொடாமலே கண்டுபிடிப்பேன். டயருக்கும் அதே மாதிரி மை போட்டுத் துடைப்பார்கள் என்று என் மண்டையில் ஏறவில்லை. ஓடாமலே மூலையில் கிடந்த டயருக்குப் பள்ளம் அப்படியே இருக்கும், ரப்பர்தான் செத்துப்போயிருக்கும் என்பதும் தெரியாது. எல்லாம் தெரியும் என்கிறவனைத்தான் சுலபமாக ஏமாற்றலாம் போலிருக்கிறது.

மிச்சப் பணத்தில் ஓவியாவுக்குக் கம்மல் வாங்கினேன். ஒரு கிராம், பூ மாதிரி இருக்கும். கொஞ்சம் குறைந்தது, அதற்கு வீட்டில் இருந்த சோளக் காசைப் போட்டேன். முழுவதும் சோளக் காசுதான் என்று உன் அம்மாவிடம் சொன்னேன், அவளும் நம்பி மஞ்சள் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்தாள். உன் பணத்திலேயே உன் பிள்ளைக்குச் சீர் செய்து, அதை உன் தம்பி கையில் கொடுத்து, உன் மாமியார் வீட்டார் முன்னால் நிமிர்ந்து நிற்கப் பார்த்திருக்கிறேன். எழுதி வாசித்தால்தான் இதன் லட்சணம் தெரிகிறது.

போன வியாழக்கிழமை காதுகுத்துப் பத்திரிகை அடித்தாகிவிட்டது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று தம்பி சிவகாசியிலிருந்து போன் பண்ணினான். நானும் அம்மாவும் காரில் போய் வாங்கிக்கொண்டு திரும்பினோம். உச்சி வெயில். ஆனைக்குட்டம் தாண்டவில்லை, பின்னால் இடது பக்கம் டயர் வெடித்தது. அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்ல. கார் பின்பக்கம் தன் இஷ்டத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றி ரோட்டைவிட்டு இறங்கிக் கருவேலஞ்செடிக்குள் போய் நின்றது. எங்கள் பின்னால் வந்த பட்டாசு லோடு வண்டி ஒரு கை தூரத்தில் பிரேக் போட்டது, அந்த டிரைவர் ஒரு நொடி அசந்திருந்தால் இந்தக் கடிதம் இல்லை. உன் அம்மாவுக்கு நெற்றியில் இடித்துப் புடைத்துவிட்டது, பயப்படாதே, ஸ்கேன் எடுத்துப் பார்த்தாகிவிட்டது, உள்ளே ஒன்றும் இல்லை, வீக்கமும் பாதி வடிந்துவிட்டது. மூன்று நாளாக வீடியோவில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாளே, சளி என்று சொன்னாளே, அதுதான்.

இந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டால் யாரும் அதை டயர் என்று நினைப்பதில்லை, எந்தப் பட்டாசு ஆலையோ என்றுதான் பதறுவார்கள், உனக்குத் தெரியும். நான் காரைவிட்டு இறங்கிப் பார்க்கிறேன், ரோட்டோர டீக்கடையில் இருந்த ஜனமெல்லாம் வெளியே வந்து எங்களைப் பார்க்கவில்லை, வானத்தில் எந்தத் திசையில் புகை வருகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு பெண்பிள்ளை ஆலை வேலைக்குப் போயிருந்த புருஷனுக்குப் போனைப் போட்டு, ஏங்க எங்கன இருக்கீக, நல்லா இருக்கீகளா என்று கேட்டாள், அந்தப் பக்கம் குரல் வந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அந்த அழுகை என் கஞ்சத்தனத்தால் வந்தது. உன் அம்மாவை நிழலில் உட்காரவைத்துவிட்டு அந்தப் பெண்ணிடம் போய், வெடித்தது என் கார் டயர்தான் என்று சொன்னேன்.

லோடு வண்டி டிரைவர் பேர் காசிராஜன், தம்பியைவிட நாலைந்து வயது கூட இருக்கும். அவர்தான் ஸ்டெப்னியை மாற்றிக் கொடுத்தார். கிழிந்த டயரைத் திருப்பிப் போட்டுப் பக்கத்தில் மண்ணைத் துடைத்து நாலு எண்ணைக் காட்டினார், மூன்று இரண்டு ஒன்று நாலு. அண்ணாச்சி, இது பதினாலாம் வருஷம் முப்பத்திரண்டாவது வாரத்திலே செஞ்ச டயரு, பத்து வயசு தாண்டிருச்சு, இதை மாட்டிக்கிட்டு வந்தா எங்க கம்பெனி கேட்டுக்குள்ளேயே விடமாட்டாக, நீங்க குடும்பத்தை ஏத்திட்டு வந்திருக்கீக என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. ரோடு முழுக்கப் பறந்து கிடந்த பத்திரிகையை அவரும் போனில் பேசி அழுத அந்தப் பெண்ணும்தான் பொறுக்கிக் கொடுத்தார்கள். சக்கரம் ஏறிய பத்திரிகை பதினைந்து இருபது இருக்கும், அதை நம் பங்காளி வீடுகளுக்குக் கொடுத்துக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்து உன் அம்மா நெற்றிக்கு உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன், படம் எடுத்த கணக்கிலிருந்து கம்மல் வரைக்கும். வைவாள் என்று பார்த்தேன். அந்தப் பின் சீட்டுலதானே என் பேத்தியைப் படுக்கப் போட்டுருப்பா என்று ஒரே வார்த்தைதான் சொன்னாள். பிறகு எழுந்து போய் மஞ்சள் துணியை எடுத்து வந்து என் கையில் வைத்து, போயி மாத்திட்டு வாங்க என்றாள். முப்பத்தைந்து வருஷத்தில் அவள் என்னிடம் அவ்வளவு மெதுவாகப் பேசியதே இல்லை.

மறுநாளே போய்க் கம்மலைக் கொடுத்தேன், சேதாரம் செய்கூலி என்று நகைக்கடைக்காரர் பிடித்தது போக வந்ததில் இரண்டு புது டயர் வாங்கியாயிற்று, பின்னால்தான் மாட்டியிருக்கிறது, முன்பு பின்னால் மாட்டச் சொன்ன அதே கடையில். டயர்க்கடைக்காரர் என்ன அண்ணாச்சி என்று கேட்டார், நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து நாலு டயரின் எண்ணையும் படித்துவிட்டுத்தான் பணத்தைக் கொடுத்தேன். கொட்டகையில் வாங்கியதில் வெடிக்காமல் இருந்த இன்னொன்றை ஸ்டெப்னிக்கு வைத்துக்கொள்ளலாமே என்று கடைப் பையன் கேட்டான். உன் அம்மா பக்கத்தில் இருந்திருந்தால் அவனை அடித்திருப்பாள். அதை நானே கத்தியால் கிழித்துப் போட்டேன், வேறு எவன் வண்டிக்கும் போகக் கூடாது.

ஆகக் காதுகுத்து அன்றைக்கு நம் தட்டில் தேங்காய் பழம் பூ, பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை, மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை, அவ்வளவுதான். கம்மல் இருக்காது. தம்பியிடம் சொல்லிவிட்டேன், அக்கா ஒண்ணும் நினைக்க மாட்டாப்பா என்றான், குரல் என்னவோ போல இருந்தது, நீ அவனிடம் ஒரு வார்த்தை பேசு. சம்பந்தியம்மாள் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், நாலு பேர் முன்னால் தலை குனியத்தான் வேண்டியிருக்கும், குனிகிறேன், அதற்குச் செத்துவிட மாட்டேன். உனக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். நீயே அங்கே ஒரு கம்மலை வாங்கி வந்து யாருக்கும் தெரியாமல் என் தட்டில் வைக்கப் பார்ப்பாய், உன் புத்தி எனக்குத் தெரியும். அதைச் செய்யாதே. உன் பணத்தில் உனக்கே சீர் செய்ய ஒரு தடவை பார்த்து இந்த வினை வந்து சேர்ந்திருக்கிறது, இன்னொரு தடவைக்கு எனக்குத் தெம்பு இல்லை. மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம். காட்டினால் நல்லதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

பிள்ளைக்கு விமானத்தில் காது அடைக்கும், ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுத்துக்கொண்டே இரு. நீ வேலை வேலை என்று காலைச் சாப்பாட்டை விடாதே, போனில் உன் கன்னம் ஒட்டித் தெரிகிறது. உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஓவியாவுக்கும் குலதெய்வம் துணை நிற்கட்டும், நீங்கள் போகிற வழியெல்லாம் நல்ல வழியாக இருக்கட்டும்.

ஏர்போர்ட்டுக்கு நான்தான் காரைக் கொண்டுவருவேன். நான்தான் ஓட்டுவேன் என்று நீ சொல்லியிருக்கிறாய், ஓட்டு. ஆனால் ஏறுவதற்கு முன்னால் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, காரைச் சுற்றி வந்து குனிந்து நாலு டயரிலும் அந்த எண்ணைப் படி. மாப்பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றாலும் சரி, எனக்குச் சங்கடமாக இருக்குமே என்று நினைக்காமல் படி. அப்பா சொல்லிவிட்டார் என்பதற்காக மட்டும் ஏறிவிடாதே தாயி. நீ நாலையும் படித்து முடிக்கிற வரை நான் பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

உன் அப்பா,
பெ. மணிமுத்து